டியூஷன் கம்பெனியில் டீச்சராகச் சேருமுன்: குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

பி.எட். முடித்த கையோடு நம் மாவட்டத்தில் கிடைக்கிற முதல் வேலை பெரும்பாலும் டியூஷன் சென்டர் வேலைதான். டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு), டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு) என்று எழுதிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் இடம் காலியாவது அபூர்வம். திருவனந்தபுரத்துக்கு தினமும் ரயிலேறிப் போய்வர எல்லா வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் நமக்கு. நூற்றுக்கு 91 பேருக்கு மேல் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். ஆனால் படித்த அளவுக்கு வேலை இல்லை. "குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆசிரியைகள் தேவை, அனுபவம் தேவையில்லை" என்ற நோட்டீஸ் வடசேரி பஸ் ஸ்டாண்டிலும் மார்த்தாண்டத்திலும் கண்ணில் படும்போது மனம் அங்கே ஓடுவது இயல்பு.

நாகர்கோவிலில் அப்படி ஒரு கம்பெனியில் நான் இரண்டே முக்கால் வருஷம் வேலை பார்த்தேன். எல்.கே.ஜி. முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகள். வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஃபோனிக்ஸ், அதாவது எழுத்துகளின் ஒலி, தெரியாமல் வந்த ஒரு பிள்ளை ஒரு நாள் தானாகவே கடை போர்டை வாசித்தால் வருகிற சந்தோஷத்துக்கு ஈடே இல்லை. அதனால்தான் அங்கே நடந்த அநியாயங்களை நான் இவ்வளவு நாள் பொறுத்துக்கொண்டேன். இப்போது சேரப் போகிறவர்கள் அப்படிப் பொறுக்க வேண்டாம் என்பதற்காக, படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில்: உங்கள் முதலாளி யார்?

இது சாதாரணக் கேள்வி போலத் தெரியும், ஆனால் பலர் தவறுவது இங்கேதான். வாசலில் தொங்குகிற பெரிய போர்டில் உள்ள பெயர் ஒன்று. உங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறவர் வேறு ஒருவர். குழந்தைகளுக்கான டியூஷன், அபாகஸ், கையெழுத்துப் பயிற்சி மையங்கள் நிறைய ஃபிரான்சைஸ் முறையில் நடக்கின்றன. பெயரை வாடகைக்கு எடுத்தவர் இங்கே உள்ளூரில் இருப்பார். பிரச்சினை வந்ததும் தலைமை அலுவலகம், "எங்களுக்கும் அந்தச் சென்டர் ஊழியர்களுக்கும் சம்பந்தம் இல்லை" என்று சொல்லிவிடும். சென்டர்க்காரரோ "மேலிடம் சொன்னபடிதான் செய்கிறோம்" என்பார்.

எனவே சேரும் நாளிலேயே கேளுங்கள்: "என்னுடைய அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் யார் பெயரில் வரும்? சம்பளம் எந்த அக்கவுண்டிலிருந்து வரும்?" பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் நியமனக் கடிதம் கொடுப்பது முதலாளியின் கடமையாக எழுதப்பட்டிருக்கிறது. "ஆறு மாசம் கழித்துத் தருகிறோம்" என்றால், "சரி மேடம், அதுவரை சம்பளமும் நேரமும் போட்டு ஒரு மெயில் மட்டும் அனுப்பிவிடுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். மெயிலும் எழுத்துதான்.

சம்பளத்தை மணிக்கணக்கில் போட்டுப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வையுங்கள். இந்தக் கம்பெனிகள் சம்பளம் பேசும்போது பிள்ளைகள் முன்னால் நிற்கிற நேரத்தைக் காட்டிப் பேசும். வேலை வாங்கும்போது முழு நாளையும் வாங்கும்.

ஒரு உதாரணம். மாசம் 12,000 ரூபாய், சாயங்காலம் 4 மணி முதல் 7.30 வரை வகுப்பு என்கிறார்கள். 26 நாளுக்கு 91 மணி நேரம். மணிக்கு ஏறக்குறைய 132 ரூபாய். நம்மூருக்கு மோசமில்லை என்று தோன்றும். சேர்ந்த பிறகு பாருங்கள். 2 மணிக்கே வந்து ஒர்க்‌ஷீட் எடுத்து வைக்க வேண்டும். வகுப்பு முடிந்து ரிப்போர்ட் எழுதி, பிள்ளையைக் கூட்டிப்போக அப்பா அம்மா வரும்வரை காத்திருக்க, 8 மணி ஆகிவிடும். காலையில் வீட்டிலிருந்தே பெற்றோருக்கு ஃபாலோ-அப் கால், ஒரு மணி நேரம். மாசம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு அப்பார்ட்மென்டிலோ சர்ச் ஹாலிலோ டெமோ கேம்ப், ஐந்தைந்து மணி நேரம். மொத்தம் 192 மணி. அதே 12,000 ரூபாய் மணிக்கு அறுபத்திரண்டரை ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது.

இன்டர்வியூவில் ஐந்து கேள்வி கேளுங்கள். எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்குப் போகலாம்? வீட்டிலிருந்து போன் பேச வேண்டுமா? என்னுடைய சொந்த நம்பரிலா? ஞாயிற்றுக்கிழமை வேலைக்குத் தனிக் காசு உண்டா? அட்மிஷன் டார்கெட் உண்டா, அது முடியாவிட்டால் சம்பளத்தில் கை வைப்பீர்களா? கேட்டால் வேலை கிடைக்காதோ என்று பயப்பட வேண்டாம். இந்தக் கேள்விகளுக்கே முகம் சுளிக்கிற இடம் சம்பள நாளில் என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியாகப் பதிவான நிறுவனம் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் கீழ் வருகிறது. ஒரு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை செய்தால் சம்பளத்தோடு 12 நாள் விடுப்பு. 2021-இல் வந்த திருத்தத்தின்படி, ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும். டீச்சர் உட்கார்ந்தால் பெற்றோர் தப்பாக நினைப்பார்கள் என்று எங்கள் சென்டரில் நாற்காலியையே எடுத்து வைத்திருந்தார்கள். இப்படி ஒரு சட்டம் இருப்பது அப்போது எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

பயிற்சிக் காலம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு டெமோ வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னால் எடுக்கலாம், தப்பில்லை. ஆனால் "இரண்டு வாரம் ட்ரைனிங், சம்பளம் கிடையாது" என்று சொல்லி, ஃபீஸ் கட்டிய பிள்ளைகளின் பேட்சை உங்களிடம் ஒப்படைத்தால் அது வேலைதான். அதற்குச் சம்பளம் கேளுங்கள்.

ஒரிஜினல் சர்டிபிகேட், பாண்டு, வெற்றுச் செக்

நான் சேர்ந்த அன்று அம்மாவும் கூட வந்திருந்தாள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி, பி.எட். எல்லாம் ஒரு நீல ஃபைலில், ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் கவருக்குள். அப்பா ரப்பர் பால் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கிய படிப்பு என்பதால் அம்மா அந்த ஃபைலை மடியிலேயே வைத்திருந்தாள். "வெரிஃபிகேஷனுக்குத்தான்மா" என்று சொல்லி சென்டர் இன்சார்ஜ் ஃபைலை வாங்கினார். பார்க்கக்கூட இல்லை. மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைச் சுடிதார் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "மக்ளே, ரசீது ஏதும் தரமாட்டாங்களா?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள். நான்தான் வெட்கப்பட்டு, "சும்மா இரும்மா" என்றேன். படிக்காத என் அம்மா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி.

அப்புறம் டிஆர்பி சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஒரிஜினல் தேவைப்பட்டபோது, "பாண்டு முடியவில்லையே" என்றார்கள். இத்தனை காலம் விலக மாட்டேன் என்று எழுதி வாங்குகிற ஒப்பந்தம்தான் பாண்டு. திரும்ப வாங்க ஐந்து மாசம் ஆனது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: ஒரிஜினலைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள். "மேடம், இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நகலில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். சான்றிதழ் விற்று வாங்கும் சரக்கல்ல, அதைப் பிடித்து வைக்கிற உரிமை நிறுவனத்துக்கு இல்லை என்று கல்வி நிறுவன வழக்குகளில் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? இன்றே ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: "மேடம், ஜூன் 10 அன்று நான் தந்த பிளஸ் டூ மார்க் ஷீட், டிகிரி, பி.எட். ஒரிஜினல்கள் ஆபீஸில் பத்திரமாக இருக்கிறதல்லவா?" அவர் "ஆமா" என்று பதில் போட்டாலே போதும், அதுதான் உங்கள் ரசீது.

வெற்றுச் செக் கேட்டால் கண்டிப்பாகக் கொடுக்க வேண்டாம். எவ்வளவு தொகை வேண்டுமானாலும் எழுதி வங்கியில் போடலாம். பணமில்லாமல் திரும்பினால் செலாவணி முறிச்சட்டம் 138-ஆம் பிரிவில் உங்கள் மேல் கிரிமினல் வழக்கு வரும். சம்பளம் கேட்டு நிற்க வேண்டிய நீங்கள் கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியதாகிவிடும்.

பாண்டு விஷயத்தில் நிதானமாக இருங்கள். "பாண்டு செல்லவே செல்லாது, கையெழுத்துப் போட்டுவிடு" என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல. குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி போட்ட நிபந்தனையை 2025-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதே நேரம், இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-ஆம் பிரிவின்படி ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான். நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க முடியாது. மூன்று நாள் ட்ரைனிங் கொடுத்துவிட்டு ஒரு லட்சம் என்றால், அந்த ட்ரைனிங்குக்கு என்ன செலவானது என்ற கேள்வி வரும். "விலகிய பிறகு இரண்டு வருஷம் இந்த மாவட்டத்தில் டியூஷன் எடுக்கக் கூடாது" என்ற வரி இருந்தால், அது 27-ஆம் பிரிவின்படி செல்லாது. வேலையில் இருக்கும்போது வெளியே டியூஷன் எடுக்காதே என்று சொல்வது வேறு, அதைச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு.

எதில் கையெழுத்துப் போட்டாலும் ஒரு நகல் கையில் இல்லாமல் வெளியே வராதீர்கள். தர மறுத்தால் போனில் படமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

80 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள்

கடையில் கிடைக்கிற சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். தினமும் வீட்டுக்கு வந்து, கைகால் கழுவியதும் ஐந்து வரி எழுதுங்கள். தேதி. போன நேரம், கிளம்பிய நேரம். எத்தனை பேட்ச், பேட்சுக்கு எத்தனை பிள்ளைகள். எத்தனை போன் கால். வழக்கத்துக்கு மாறாக யார் என்ன செய்யச் சொன்னார்கள். என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கிறது: "1.50 வந்தேன். 3 பேட்ச், 14+11+16. இன்சார்ஜ் லீவு, அட்மிஷன் கவுண்டரும் நானே. 8.25 கிளம்பினேன். குலசேகரம் பஸ் போய்விட்டது, அப்பா பைக்கில் வந்தார்." இவ்வளவுதான். அலங்காரம் வேண்டாம், கோபமும் வேண்டாம். அன்றன்றைக்கு எழுதியது என்பதுதான் அதன் பலம். பிரச்சினை வந்த பிறகு உட்கார்ந்து எழுதினால் அந்த மதிப்பு கிடையாது.

கூடவே வாட்ஸ்அப் குரூப். வேலை உத்தரவெல்லாம் அதில்தான் வரும். விலகுகிறேன் என்று சொன்ன நிமிஷமே குரூப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள். எனவே மாசம் ஒரு தடவை குரூப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். சம்பளத்தைக் கையில் கொடுத்தால் அன்றே ஒரு மெசேஜ்: "மேடம், ஜூலை சம்பளம் 9,400 ரூபாய் இன்று கிடைத்தது. நன்றி." ஏன் 12,000 வரவில்லை என்ற கேள்வியை அடுத்த மெசேஜில் கேட்கலாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பிள்ளைகளின் போட்டோ, பெற்றோரின் போன் நம்பர், மருத்துவ விவரம் இவற்றை ஆதாரம் என்று எடுத்து வைக்க வேண்டாம். நம் சண்டை சம்பளத்தைப் பற்றியது. அந்தப் பிள்ளைகள் நம்மை நம்பி வந்தவர்கள்.

முதல் சம்பளம் வந்ததும் பார்க்க வேண்டியவை

மாசச் சம்பளம் அடுத்த மாசம் 7-ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். அபராதம் போடுவதாக இருந்தால் முதலில் விளக்கம் கேட்க வேண்டும், அதுவும் அந்த மாசச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நாங்கள் பட்டது வேறு. ஒரு பிள்ளை டிராப் ஆனால் அந்தப் பேட்ச் டீச்சருக்கு 500 ரூபாய் பிடிப்பு. அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு டிரான்ஸ்ஃபர் வந்ததற்கு டீச்சர் என்ன செய்வாள்? இப்படிப் பிடித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் என்றால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) உண்டு. கிளைகள் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு. தக்கலையில் ஏழு பேர், கருங்கலில் எட்டுப் பேர், நாகர்கோவிலில் பத்துப் பேர் என்று ஒரே முதலாளியிடம் இருந்தால் அது 25 பேர். உங்களிடம் 12 சதவீதம் பிடித்தால் அவர்களும் 12 சதவீதம் போட வேண்டும். பே ஸ்லிப்பில் பிடித்ததாகக் காட்டிவிட்டுக் கட்டாமல் இருப்பதும் நடக்கிறது. அரசின் உமாங் ஆப்பில் உங்கள் யூஏஎன் நம்பரை (பி.எஃப். கணக்கு எண்) போட்டு பாஸ்புக்கை மாசாமாசம் பாருங்கள். 10 பேரோ அதற்கு மேலோ இருந்து, சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், அவர்கள் பங்கு 3.25 சதவீதம். இரண்டையும் உங்கள் சம்பளத்திலேயே கழித்தால் அது தவறு.

இன்னொரு வழியையும் கண்டேன். உங்களை ஊழியர் என்று சொல்லாமல் "கன்சல்டன்ட்", "அகாடமிக் பார்ட்னர்" என்று எழுதி, சம்பளத்தை "கௌரவ ஊதியம்" ஆக்கி, 10 சதவீத வரி பிடித்துக் கொடுப்பார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ., லீவு எதுவும் தராமல் தப்பிக்கத்தான் இது. வருமான வரித் தளத்தில் உங்கள் பான் நம்பரைப் போட்டு, எந்தத் தலைப்பில் வரி பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பெயரை மாற்றினாலும் நேரத்துக்கு வா, இதைச் செய், லீவுக்கு அனுமதி கேள் என்று சொல்கிற வரை அது வேலைதான் என்று வாதாட இடமுண்டு. அதற்கும் உங்கள் நோட்டுதான் சாட்சி.

பெண்களுக்கு இரண்டு விஷயம். கர்ப்பம் என்று சொன்னதும் "இனி வரவேண்டாம்" என்பது சட்டவிரோதம். 10 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில், பிரசவத்துக்கு முந்தைய 12 மாசத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதே 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால், பாலியல் தொல்லை பற்றிப் புகார் சொல்ல உள்ளகக் குழுவும் இருக்க வேண்டும். 10 பேருக்குக் குறைவென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

பிரச்சினை என்றால் எங்கே போவது?

முதலில் ஒரு உண்மை தெரிந்துகொள்ளுங்கள். ஆசிரியர்கள் அப்போதிருந்த தொழில் தகராறு சட்டத்தில் சொன்ன "தொழிலாளி" அல்ல என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "லேபர் கோர்ட்டில் கேஸ் போடுவேன்" என்று கோபத்தில் சொன்னால் கம்பெனி வக்கீல் இதைத்தான் எடுத்து நீட்டுவார். அதைக் கேட்டு மனம் தளர வேண்டாம், வேறு வழிகள் இருக்கின்றன. கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி, ஆறு மாசமோ அதற்கு மேலோ தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாச நோட்டீஸும் அல்லது அதற்கான சம்பளமும் இல்லாமல் நீக்க முடியாது. நீக்கினால் மேல்முறையீடு செய்யலாம். ஐந்து வருஷம் முடித்தவர்களுக்குப் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) உண்டு. ஆசிரியர்களுக்கும் அது பொருந்தும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

எடுத்தவுடன் புகார் வேண்டாம். முதலில் முதலாளிக்கு ஒரு பக்கக் கடிதம், ஸ்பீட் போஸ்ட்டில், டெலிவரி ஆனதற்கான ஒப்புகையோடு. எந்த மாசம், எவ்வளவு பாக்கி, எத்தனை நாளுக்குள் வேண்டும். அவ்வளவு போதும். பதில் வராவிட்டால் நாகர்கோவிலில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்குப் போங்கள். வக்கீல் தேவையில்லை. நோட்டு, கடித நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸ்அப் பிரின்ட் இவற்றை இரண்டு செட் எடுத்துப் போங்கள். பி.எஃப். பாக்கிக்கு நாகர்கோவிலிலேயே வருங்கால வைப்பு நிதி அலுவலகம் இருக்கிறது. சம்பளப் பாக்கியைக் கேட்க மூன்று வருஷம் வரை அவகாசம் உண்டு, ஆனால் அத்தனை நாள் காத்திருக்காதீர்கள்.

சான்றிதழைத் தராமல் இழுத்தடித்தால் நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக் குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம். எனக்கு ஃபைல் திரும்பக் கிடைத்தது அங்கிருந்து போன ஒரே ஒரு நோட்டீஸால்தான். திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுப்பதும், முதல்வரின் 1100 எண்ணில் பதிவு செய்வதும் கூடுதல் பலம். மனுவுக்கு எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.

முடிந்தால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து போங்கள். தனியாகப் போனவளை "அவள் சரியாக வேலை பார்க்கவில்லை" என்பார்கள். மூன்று நோட்டில் ஒரே நேரமும் ஒரே பிடிப்பும் இருந்தால் அப்படிச் சொல்வது கஷ்டம்.

விலகும்போது

"பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம், இப்போது போனால் பாவம் இல்லையா?" என்று கேட்பார்கள். இது நம்மை உண்மையாகவே கலங்க வைக்கும் கேள்வி. நான் இரண்டு தடவை இதற்காகவே ராஜினாமாவைத் தள்ளிப்போட்டேன். முடிந்தால் டெர்ம் முடிவைப் பார்த்து விலகுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் எந்தப் பாடத்தில் நிற்கிறது என்று அடுத்த டீச்சருக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு நாம் செய்ய வேண்டியது அத்துடன் முடிகிறது. ஆள் எடுப்பது கம்பெனியின் பொறுப்பு.

ராஜினாமாவை மெயிலில் அனுப்புங்கள், கடைசி நாளைத் தேதியோடு எழுதுங்கள். விலகிய இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளம் முழுவதும் தர வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. "எனக்குப் பாக்கி எதுவும் இல்லை" என்ற கடிதத்தில் கையெழுத்து வாங்க அவசரப்படுவார்கள். பணம் அக்கவுண்டில் ஏறி, ரிலீவிங் லெட்டர் கைக்கு வந்த பிறகு போடுங்கள்.

சான்றிதழ் அவர்களிடம் இருந்தால், மேசையிலேயே வைத்து ஒவ்வொன்றாகக் கவரிலிருந்து எடுத்து எண்ணுங்கள். அவர்கள் அவசரப்படுத்தட்டும், நீங்கள் நிதானமாகப் பாருங்கள். முன்பக்கம், பின்பக்கம், ஓரங்கள். என்னுடைய பிளஸ் டூ மார்க் ஷீட்டின் மேல் மூலையில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து ஒரு பழுப்புக் கறை ஏறியிருந்ததை வீட்டுக்கு வந்து அம்மா திருப்பிப் பார்த்தபோதுதான் கண்டோம். அதற்குள் வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தேன்.